மருந்து வருகிறது, பராக்!

முன்னொரு காலத்தில், எந்த நாடு என்று மட்டும் கேட்காதீர்கள், சொன்னால் அந்த நாட்டுக்காரர்கள் கம்பைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவார்கள், விசயகண்டன் என்றொரு ராஜா இருந்தான். புலியை நேருக்கு நேர் கண்டபோதும் மீசையை முறுக்கியவன். அப்பேர்ப்பட்டவன் இரண்டு எலிகளிடம் மனசைப் பறிகொடுத்தான். சிரிக்காதீர்கள், அவை சும்மா எலிகள் அல்ல. கப்பல் வியாபாரி ஒருவன் காணிக்கையாகக் கொடுத்த வெள்ளை எலிகள். ஒன்றுக்கு முத்து, இன்னொன்றுக்குப் பவளம் என்று பெயர் வைத்துத் தங்கக் கூண்டில் குடியேற்றினான் ராஜா. தன் கையைத் தவிர வேறு கை அவற்றின் மேல் படக்கூடாது என்று உத்தரவும் போட்டான்.

ஒரு மழைக்காலத்தில் இரண்டுக்கும் சளி பிடித்தது. ஓயாத தும்மல். நெஞ்சில் கர்கர் என்று சத்தம். ராஜாவுக்குச் சோறு இறங்கவில்லை. அரண்மனை வைத்தியர் அகோரம், "ஆடாதோடைக்குப் பாடாத நாவும் பாடும், அரசே" என்று சொல்லிக் கஷாயத்தைக் குழம்பாகக் காய்ச்சினார்.

இங்கேதான் வினை வந்தது. அந்த அரண்மனையில் ஒரு வழக்கம் உண்டு. ராஜா இருக்கும் இடத்துக்கு எது வந்தாலும், மந்திரியானாலும் சரி, மாம்பழமானாலும் சரி, கட்டியக்காரன் முழங்கியே தீரவேண்டும். கஷாயம் வந்தபோதும் அவன், "மருந்து வருகிறது, பராக்! பராக்!" என்று தூண் அதிர முழங்கினான். எலிகள் குலைநடுங்கிப்போய், கூண்டில் கிடந்த மூங்கில் குழாய்க்குள் பாய்ந்து ஒளிந்தன.

அப்புறம் என்ன, எல்லாம் செய்து பார்த்தார்கள். பாலில் கலந்தார்கள், கிண்ணம் கவிழ்ந்தது. வெல்ல உருண்டைக்குள் ஒளித்தார்கள். வெல்லம் போனது, மருந்து மட்டும் பத்திரமாகக் கிடந்தது. ராஜா தானே பிடித்துப் புகட்டப் போனான். முத்து அவன் விரலைக் கடித்துவிட்டது. அதோடு எலிகள் சாப்பாட்டையே சந்தேகப்பட்டு ஒதுக்க ஆரம்பித்தன. ராஜா கூண்டருகே உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

அந்தச் சபையில் செவ்வந்தியப்பன் என்றொரு விகடகவி இருந்தான். மெலிந்த உடம்பு, நிமிர்ந்த தலை. யார் முன்னாலும் தலைப்பாகை சரிய விடமாட்டான். கர்வம் பிடித்தவன் என்பார்கள். இருக்கட்டுமே! மூளை இருக்கிறவனுக்குக் கொஞ்சம் கர்வம் இருந்தால் எந்தக் குடி முழுகிவிடும்? ஆனால் பிரதானி திருமேனிக்கு அந்தத் தலைப்பாகையைக் கண்டாலே வயிறு எரியும். எலிக்குச் சளி பிடித்ததும் அவர் தமக்கு நல்ல காலம் பிறந்ததாக நினைத்தார்.

"அரசே, நாட்டுக்கே புத்தி சொல்லும் செவ்வந்தியப்பன் இருக்கையில் தங்களுக்கு என்ன கவலை? இரண்டு எலிகளுக்குப் புத்தி சொல்லமாட்டாரா?" என்றார்.

வைத்தியருக்கும் தம் தோல்வியை இன்னொருவன் தலையில் கட்ட வேண்டும். "ஆனால் உணவில் துளியும் கலக்கக் கூடாது, அரசே. இனியும் பட்டினி கிடந்தால் உயிர் தங்காது."

"எலிகளைத் தொடவும் கூடாது. அது அரச கட்டளை" என்றார் பிரதானி. "கட்டியத்தை நிறுத்தவும் கூடாது. அது குல வழக்கம்."

ராஜா சொன்னான்: "செவ்வந்தியப்பா, என் செல்வங்கள் தாமாகவே தம் நாவால் மருந்தை உட்கொள்ள வேண்டும். பௌர்ணமிக்குள் தும்மல் நிற்க வேண்டும். கேட்டதைத் தருவேன்."

"நிற்காவிட்டால்?" என்று மெல்லக் கேட்டார் பிரதானி.

கவலையில் இருக்கிறவனிடம் கேட்கிற கேள்வியா அது? ராஜாவுக்குக் கோபம் தலைக்கேறியது. "நிற்காவிட்டால் மொட்டையடித்து, கரும்புள்ளி செம்புள்ளி குத்தி, கழுதைமேல் ஊர்வலம்!"

"சம்மதம், அரசே" என்றான் செவ்வந்தியப்பன். அவன் சபையைவிட்டு இறங்குவதற்குள், பௌர்ணமியன்று விகடகவிக்குக் கழுதை ஊர்வலம் என்று பிரதானி ஊர் முழுக்கத் தண்டோரா போட்டுவிட்டார். ஜெயிப்பானா தோற்பானா என்கிற பேச்சே அதில் இல்லை.

செவ்வந்தியப்பனுக்கு மானம்தான் பெரிசு. உயிர் போனால் ஒருமுறை, மானம் போனால் தினம் தினம் சாகவேண்டும். கூண்டின் முன்னால் போய்ச் சம்மணம் போட்டு உட்கார்ந்தான். ராஜா பூஜை முடித்து வந்து முத்துவைத் தடவிக்கொடுத்தான். அவன் கையிலிருந்த விபூதி அதன் முதுகில் கொஞ்சம் ஒட்டியது. அவ்வளவுதான், முத்து மற்ற வேலைகளையெல்லாம் விட்டுவிட்டு, அந்த விபூதி போகிறவரை தன்னைத்தானே நக்கி நக்கிச் சுத்தம் செய்தது. செவ்வந்தியப்பன் தொடையைத் தட்டிக்கொண்டு எழுந்தான்.

மறுநாள் காலை அவன் துணி மூடிய ஒரு பொருளோடு வந்தான். கூண்டிலிருந்த பழைய மூங்கில் குழாயை உருவிவிட்டு, அதே அளவில் தான் கொண்டுவந்த வேறொரு குழாயை வைத்தான்.

"மருந்துக் கிண்ணம் எங்கே?" என்றார் பிரதானி.

"முதலில் குல வழக்கம் நடக்கட்டும்."

"மருந்து வருகிறது, பராக்! பராக்!" என்று கட்டியக்காரன் முழங்கியதுதான் தாமதம், எலிகள் இரண்டும் புதுக் குழாய்க்குள் பாய்ந்தன. உயிருக்குப் பயந்து ஓடுகிறவன் வாசனை பார்ப்பானா? குழாயின் உள்பக்கம் முழுவதும் கஷாயக் குழம்பு தடவியிருந்தது. சற்று நேரம் பொறுத்து வெளியே வந்த எலிகள் தலை முதல் வால்வரை பச்சையாக இருந்தன. தம்மைத் தாமே பார்த்துக்கொண்டன. அவமானம் தாங்கவில்லை. முகத்தைச் சுளித்துக்கொண்டே, ஒரு துளி விடாமல் நக்கித் தீர்த்தன.

"இவை மருந்து குடிக்கவில்லை, அரசே! அழுக்கைத் துடைக்கின்றன!" என்று பிரதானி குதித்தார்.

"தாமாக, தம் நாவால் என்பதுதானே ஆணை? ஆசையாக என்று அரசர் சொல்லவில்லையே" என்றான் செவ்வந்தியப்பன். "இவை மானமுள்ள பிராணிகள். நாக்குக் கசந்தாலும் கசக்கட்டும், அழுக்கு மேனியோடு அரச சபையில் இருக்கமாட்டா."

தன் எலிகளை மானமுள்ளவை என்று சொன்னதில் ராஜாவுக்கு நெஞ்சு நிமிர்ந்தது. தினமும் அப்படியே நடக்கட்டும் என்றான்.

பிரதானி சும்மா இருப்பாரா? இரண்டு நாள் கழித்துக் கட்டியக்காரனை ரகசியமாக ஊருக்கு அனுப்பிவிட்டார். அன்று சபையில் கட்டியம் இல்லை. பயம் இல்லாததால் எலிகள் குழாய்ப் பக்கம் திரும்பவே இல்லை; நிம்மதியாக உட்கார்ந்து தும்மின. பிரதானி மீசைக்குள் சிரித்தார்.

"கட்டியக்காரர் இல்லாத குறையே தெரியவில்லை, அரசே" என்றான் செவ்வந்தியப்பன் பணிவாக. "அந்த வேலைக்குப் பிரதானியார் இருக்கிறாரே."

பிரதானிக்கு வந்ததே கோபம்! "யாரைப் பார்த்து என்ன சொன்னாய்? எலிக்குக் கட்டியம் கூறுகிறவனா நான்? மருந்தாம் மருந்து! மண்ணாங்கட்டி!" என்று தூண் அதிரக் கத்தினார்.

எலிகள் குழாய்க்குள் பாய்ந்தன. ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

பௌர்ணமியும் வந்தது. முத்துவும் பவளமும் தும்மலை மறந்து, கிண்ணத்துப் பாலைக் காலி செய்துவிட்டு, ஒன்றையொன்று துரத்தி விளையாடின. ராஜா செவ்வந்தியப்பனை மார்போடு அணைத்துக்கொண்டான். அப்போது வாசலில் ஒரே இரைச்சல். தண்டோராவைக் கேட்ட ஊர், வேலைவெட்டியை விட்டுவிட்டுத் திரண்டு நின்றது. பிரதானி நேரில் பார்த்துப் பொறுக்கிய கழுதையும் நின்றது.

"அடடா, ஊர்வலம் இல்லையென்று சொல்லி அனுப்புகிறேன்" என்றான் ராஜா.

"வேண்டாம், அரசே. தங்கள் பெயரால் போட்ட தண்டோரா பொய்க்கலாமா? கேட்டதைத் தருவதாகச் சொன்னீர்கள். அந்த ஊர்வலத்தையே கேட்கிறேன். தலைப்பாகையோடு ஏறுகிறேன். முத்துவும் பவளமும் கூண்டோடு என் மடியில் வரட்டும். கழுதையின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, நடந்ததை ஊருக்கு உரக்கச் சொல்லிவர, நல்ல குரல் உள்ள ஒருவர் மட்டும் வேண்டும்."

ராஜா பிரதானியைத் திரும்பிப் பார்த்தான். பார்த்த மாத்திரத்தில் பீறிட்ட சிரிப்பில் கிரீடம் சரிந்தது. அதைப் பிடிக்கக்கூட அவனால் முடியவில்லை. தன் தோளிலிருந்த பட்டுச் சால்வையை எடுத்துச் செவ்வந்தியப்பனுக்குப் போர்த்தி, கழுத்து முத்துமாலையையும் கழற்றிப் போட்டான்.

ராஜவீதியில் ஊர்வலம் போயிற்று. கழுதைமேல் இருந்தவன் ராஜகுமாரனைப் போல நிமிர்ந்து உட்கார்ந்திருந்தான். ஜனங்கள் கும்பிட்டார்கள், பூ எறிந்தார்கள். கூட்டத்தில் நின்ற ஒருத்தி பக்கத்து வீட்டுக்காரியிடம் கேட்டாள்: "ஏண்டி, தண்டனைன்னு சொன்னாங்க, இவரப் பாத்தா கல்யாண மாப்பிள்ளை மாதிரி போறாரு?"

"எலிக்கே மருந்து குடுத்த மகராசன்டி அவரு!"

"அப்ப தண்டனை யாருக்காம்?"

"முன்னால கயித்தப் புடிச்சுக்கிட்டுக் கத்திக்கிட்டுப் போறாரு பாரு, அவருக்கு!"