கொம்பு முறிந்த தலைக்கவசம்

ஜப்பானில் ஒரு மலைநாட்டை ஆண்ட ஹருசுமி பிரபு, போருக்குப் புறப்படுமுன் புதிய தலைக்கவசம் ஒன்று செய்யச் சொன்னான். கொல்லன் ஜின்பெய் இரும்புத் தகடுகளைத் தறையாணி அடித்து இணைத்து, கவிழ்த்த கிண்ணம் போன்ற ஓடு ஒன்றைச் செய்தான். அதைத் தலையோடு சேர்த்து இறுக்கி, தாடைக்குக் கீழே முடிச்சிடும் பட்டுக்கயிற்றை உமே பின்னினாள். நெற்றிக்கு மேலே நிமிர்ந்து நிற்கும் இரட்டைக் கொம்புகள் சியோவின் பொறுப்பு.

“கொம்புகள் இரும்பில் இருக்கட்டும். வானமே இடிந்து விழுந்தாலும் முறியக் கூடாது,” என்றான் பிரபு.

“முறியாத கொம்பு உங்களுக்கு வேண்டாம், பிரபுவே. மரத்தில் செதுக்கி, அரக்குப் பூசி, பொன் தகடு ஒட்டித் தருகிறேன்,” என்றாள் சியோ.

அவன் முறைத்தான். அவள் பார்வையைத் தாழ்த்தவில்லை. வேறு ஆள் தேட அவகாசமும் இல்லை.

“சரி. முறிந்தால் இந்த நாட்டில் உனக்கு இடமில்லை.”

போர்க்களத்தில் எதிரி ஒருவன், குதிரைமேல் இருந்த பிரபுவின் கொம்பில் கொக்கி ஈட்டியை மாட்டி முழு பலத்தோடு இழுத்தான். கொம்பு படாரென்று முறிந்தது. இழுத்தவன் மல்லாந்து விழுந்தான். உடனே இன்னொருவனின் வாள் பிரபுவின் உச்சியில் இறங்கியது. ஓடு நசுங்கியதே தவிரப் பிளக்கவில்லை. அத்தனை நடந்தும் கயிறு அவிழவில்லை, கவசம் அசையவில்லை.

செய்தி ஊருக்கு எட்டியதும், மூட்டை கட்டச் சொல்லி அக்கம்பக்கத்தார் சியோவிடம் மன்றாடினார்கள். அவள் கட்டவில்லை.

வென்று திரும்பிய பிரபு மூவரையும் வரவழைத்தான். “என்னைக் காப்பாற்றியவர் பெயரை இந்த ஓட்டின் உள்ளே பொறிக்கப்போகிறேன். ஒரே ஒரு பெயர்.”

“வாளைத் தாங்கியது என் இரும்பு,” என்றான் ஜின்பெய்.

“என் கயிறு தளர்ந்திருந்தால் உங்கள் இரும்பு தரையில் கிடந்திருக்கும்,” என்றாள் உமே.

பிரபு திரும்பினான். “உன் கொம்பு முறிந்துவிட்டதே, சியோ?”

“முறிய வேண்டிய நேரத்தில் முறிந்தது. என் பெயரைப் பொறியுங்கள்.”

கேட்டுக்கொண்டிருப்பவர்களே, ஓடு தாங்கியது, கயிறு பிடித்தது, கொம்பு முறிந்தது. அந்த ஓட்டில் யாருடைய பெயர் இருப்பது நியாயம்?

விடை: சியோவின் பெயர். கொம்பு முறியாதிருந்தால் அது ஓட்டை இழுத்திருக்கும். ஓடு கயிற்றை இழுத்திருக்கும். கயிறு பிரபுவின் கழுத்தை இழுத்து, அவனை எதிரிகளின் காலடியில் தள்ளியிருக்கும். மற்ற இருவரின் வேலை எவ்வளவு உறுதியோ, அவ்வளவு நிச்சயம் அவன் சாவு. சியோ இதைச் சொன்னபோது பிரபு தன் கழுத்தைத் தடவிக்கொண்டான். ஜின்பெய் உளியை எடுத்து, “உங்கள் பெயரை எப்படி எழுதுவீர்கள், அம்மா?” என்று கேட்டான்.