கன்னத்துக் கோடு

“சார், இவர் கன்னத்துல இந்தக் கோடு எப்படி வந்துச்சு?”

ரூபிணி கேட்டது இவ்வளவுதான்.

ஆசிரியர் அருளப்பன் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். காலை எட்டு மணி. தேசியப் பூங்காவின் கீழ்ப் புல்வெளியில் ஒரு மரப்பெஞ்சு. எதிரே எரிமலை. அதன் வாயிலிருந்து வெள்ளைப் புகை சோம்பலாக எழுந்து தெற்கே சாய்ந்துகொண்டிருந்தது.

அவள் நீட்டியது அவர் எடுத்த படம். பத்தொன்பது வருஷத்துக்கு முந்தியது.

எரிமலை வாய்க்குள்ளிருந்து கந்தகப் பாளங்களைக் கூடைகளில் அடுக்கி, காவடியாகத் தோளில் தூக்கி ஏறி வருகிறார் ஒரு மனிதர். பல்லிடுக்கில் கடித்த கந்தல் துணி. கண்ணில் நீர். பின்னால் புகை.

படத்தின் பெயர் ‘முகமூடி இல்லாத மனிதர்கள்’.

அந்த ஒரு படத்தால்தான் அவர் புகைப்படக் கலைக்கு ஆசிரியர் ஆனார். அதற்காகத்தான் வருஷம் தவறாமல் தமிழ்நாட்டிலிருந்து யாராவது விமானம் ஏறி, படகு ஏறி, இந்தத் தீவுக்கு வந்து, மலையடிவாரத்தில் அவர் வீட்டுக் கதவைத் தட்டினார்கள்.

“முகம் பூரா சாம்பல் படிஞ்சிருக்கு சார். மூக்கையும் வாயையும் சுத்தி மட்டும் கழுவி விட்ட மாதிரி சுத்தம். அங்கிருந்து காது வரைக்கும் விரல் அகலத்துல ஒரு கோடு. அதுவும் சுத்தம்.”

ஆசிரியர் கையிலிருந்த கோப்பையைக் கவிழ்த்து வைத்தார்.

முன்பு வந்த சீடர்களாக இருந்தால் கவிழ்ந்த கோப்பையைப் பார்த்துக் கண் கலங்கியிருப்பார்கள். வெறுமை என்று ஒருவர், பணிவு என்று ஒருவர், ஆளுக்கொன்றாகக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு ஊர் போய்ச் சேர்ந்திருப்பார்கள்.

ரூபிணி கோப்பையைப் பார்த்தாள். பெஞ்சில் ஓடிய தேநீரைப் பார்த்தாள்.

“பாதி டீ மிச்சமிருந்துச்சு சார்.”

“மலையைக் கேள்,” என்றார் ஆசிரியர்.

“படம் எடுத்தது மலை இல்லையே.”

அவர் மெல்லக் கண்ணை மூடினார்.

“கண்ணை மூடுறது பதில் இல்ல சார். எங்க காலேஜ் பிரின்சிபாலும் இதைத்தான் பண்ணுவார்.”

அவள் திருச்சியில் முதுகலை படிக்கிறவள். பாதாளச் சாக்கடையில் இறங்கி இரண்டு பேர் செத்தபோது கல்லூரி வாசலில் மூன்று நாள் உட்கார்ந்தவள். அன்றைக்கு அவள் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்திருந்தது இந்தப் படத்தைத்தான். கை வலிக்க வலிக்கப் பிடித்திருந்தாளாம். வந்த முதல் நாளே இதைச் சொன்னாள். அன்றிலிருந்து ஆசிரியருக்குச் சாப்பாடு சரியாக இறங்கவில்லை.

“சரி, அது போகட்டும். நீங்க யாரையும் மேல கூட்டிட்டுப் போறதே இல்லையாமே. இந்தப் புல்வெளியோட திருப்பி அனுப்பிடுவீங்களாம். ஏன்?”

இதற்கு அவரிடம் பதில் இருந்தது. பத்தொன்பது வருஷமாக இருந்தது.

“மலையைப் படமெடுக்க விரும்புகிறவன் மலைமேல் ஏறுவதில்லை.”

“இவர் நிக்கிறது மேலதானே? அப்ப நீங்க ஏறித்தானே எடுத்தீங்க?”

எத்தனையோ பேர் அந்த வாசகத்தைச் சட்டம் போட்டு மாட்டி வைத்திருக்கிறார்கள். ஒருவர்கூட இதைக் கேட்டதில்லை.

ஆசிரியர் ஏறித்தான் எடுத்தார்.

அன்றைக்கு அவர் முகமூடி கொண்டுபோகவில்லை. பூங்கா வாசலில் வாடகைக்குக் கொடுத்தார்கள். புகைக்குப் பயந்தவன் எரிமலைக்கு எதற்கு வர வேண்டும் என்று வீறாப்பாகச் சொல்லிவிட்டு மேலே ஏறி, எரிமலை வாய்க்குள் இறங்கினார். பாதிச் சரிவில் காற்று திரும்பியது. நெஞ்சில் யாரோ மணலைக் கொட்டியதுபோல் இருந்தது. முட்டி போட்டு உட்கார்ந்துவிட்டார்.

எதிரே ஏறி வந்த ஒருவர் நின்றார். தன் முகமூடியைக் கழற்றினார். இவர் முகத்தில் மாட்டி, வாரை இழுத்துக் கட்டினார்.

மூச்சு வந்தது. மூச்சு வந்ததும் கண் தெரிந்தது.

கண் தெரிந்ததும் அவர் பார்த்தது, எதிரே ஒரு மனிதர். முகமூடிக்குப் பதில் பல்லிடுக்கில் துணி. கண்ணில் நீர். பின்னால் புகை. புகைக்குள் வெளிச்சம், எப்போதோ ஒருமுறை கிடைக்கும் வெளிச்சம்.

கேமராவைத் தூக்கினார்.

அந்த மனிதர் முகமூடிக்காகக் கையை நீட்டினார்.

“ஒரு நிமிஷம்,” என்றார் இவர், அந்தத் தீவின் மொழியில். “அசையாதீங்க.”

அந்த மனிதர் அசையவில்லை. தோளில் எழுபது கிலோ கந்தகம்.

ஒரு நிமிஷமா அது? பிலிம் காலம். ஒரு முழுச் சுருள் தீரும்வரை எடுத்தார். முப்பத்தாறு படம். உலகம் பார்த்தது முப்பத்து நான்காவது.

பெயரை அப்புறம் விடுதி அறையில் வைத்தார். படத்தில் இருக்கும் முகத்தில் முகமூடி இல்லை. அதில் பொய் ஒன்றும் இல்லை. இப்படித்தான் தனக்குத் தானே சொல்லிக்கொண்டு வந்தார்.

“அப்ப நானே மேல போய் அவரைக் கேட்டுக்கிறேன்,” என்று எழுந்தாள் ரூபிணி.

“அவர்கள் மொழி உனக்குத் தெரியாது.”

“போன்ல மொழிபெயர்க்கிற ஆப் இருக்கு.”

“மேலே சிக்னல் கிடைக்காது.” கொஞ்சம் அவசரமாகச் சொல்லிவிட்டார்.

“அப்படியா? அப்ப நீங்களே வாங்க சார்.”

வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தார். ஆனால் இவள் தனியாகப் போனால் யாராவது ஒரு வழிகாட்டி, அரைகுறை ஆங்கிலத்தில், எல்லாவற்றையும் சொல்லிவிடுவான். கூடப் போனால் எது இவள் காதில் விழ வேண்டும் என்பது இவர் வாயில் இருக்கும்.

ஆசிரியர் எழுந்தார்.

வாசலில் ரூபிணி இரண்டு முகமூடி வாங்கினாள். “ஆளுக்கு ஒண்ணு சார். அவங்களுக்குக் கொடுக்காத அரசாங்கம் சுற்றுலாக்காரனுக்கு மட்டும் வாசல்லயே கொடுக்குது பாருங்க,” என்று ஆரம்பித்து, பாதையோரம் முதல் தூரக் கல் வரும்வரை நிறுத்தவில்லை.

பாதையெங்கும் ஆட்கள். கண்டகண்ட இடத்தில் நின்று கைப்பேசியை நீட்டி, புகைக்கு முதுகைக் காட்டிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

அந்த மனிதர் இறந்துபோயிருக்கட்டும் என்று ஒரு வளைவில் ஆசிரியர் நினைத்தார்.

அடுத்த வளைவில், அப்படி நினைத்ததற்காகக் கூசினார்.

அதற்கடுத்த வளைவில் மறுபடியும் நினைத்தார்.

உச்சி விளிம்பு வந்தது. கீழே மயில்கழுத்து நிறத்தில் ஏரி. அதன் கரையில் மஞ்சளாகக் கந்தகம் கொதித்துக்கொண்டிருந்தது. சரிவில் வரிசையாகக் காவடிகள் ஏறி வந்தன.

பாதை நடுவில் ஒரு சுற்றுலாப் பெண்மணி கேமராவுடன் குந்தியிருந்தார். முன்னால் வந்த சுமையாள் பின்னால் திரும்பி ஏதோ கத்தினார். வரிசை முழுவதும் சிரித்தபடி ஒதுங்கி நடந்தது.

“என்ன சொன்னார் சார்?”

ஆசிரியருக்குக் கேட்டிருந்தது. ‘இங்க ஒரு “ஒரு நிமிஷம்” உட்கார்ந்திருக்கு, ஓரமா வாங்க’ என்றிருந்தார் அந்தச் சுமையாள்.

“பாதை வழுக்குதாம்.”

ரூபிணி பார்த்துக் கால் வைத்தாள்.

அவள் படத்தை ஒரு சுமையாளிடம் காட்டினாள். அவர் ஒரு பார்வை பார்த்துவிட்டு, தகரக் கூரை போட்ட கடையைக் கை காட்டினார். “வாகித்.”

வாகித் உயிரோடுதான் இருந்தார். சுமப்பதை விட்டாயிற்று. உருக்கிய கந்தகத்தை அச்சில் ஊற்றி ஆமை, பூ, யானை என்று பொம்மை செய்து விற்றுக்கொண்டிருந்தார். வேலையிலிருந்து நிமிர்ந்தார். ஆசிரியரைப் பார்த்தார். ஒரு கணம்கூட யோசிக்கவில்லை.

“டேய், ‘ஒரு நிமிஷம்’ வந்துட்டான்டா.”

குரல் இல்லை. காற்றுதான் வந்தது, உமியைத் தேய்த்ததுபோல.

சுமை இறக்கிவிட்டு உட்கார்ந்திருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். “எவன், முதல் ஆளா? படம் எடுக்க வர்றவங்க எல்லாருக்கும் இந்தப் பேரை வாங்கிக் கொடுத்தவனா?” என்றார் ஒருவர். கூரை அதிரச் சிரித்தார்கள்.

“என்ன சொல்றாங்க?”

“வணக்கம் சொல்கிறார்கள்.”

ரூபிணி ஒவ்வொருவர் பக்கமாகத் திரும்பிக் கைகூப்பினாள். சிரித்தவர்கள் சட்டென்று நிறுத்தி, ஒழுங்காகத் தலையசைத்தார்கள்.

ஆசிரியருக்குக் காது மடல் எரிந்தது.

“கோட்டைப் பத்திக் கேளுங்க சார்.”

அவர் வாகித்திடம் திரும்பினார். “நல்லா இருக்கீங்களா ஐயா?” என்றார் அந்த மொழியில்.

“இப்பத்தான் கேட்கத் தோணுச்சா?” என்றார் வாகித், அச்சைத் தட்டியபடி.

“என்ன சொல்றார்?”

“ஞாபகம் இல்லையாம்.”

ரூபிணி குறிப்பேட்டைத் திறந்தாள். ‘வாகித்’ என்று எழுதி, கீழே ஒரு கோடு போட்டு, ‘நினைவில்லை’ என்று எழுதினாள். எழுதிவிட்டு அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“பாவம் சார். எப்படி ஞாபகம் இருக்கும்? தினம் தினம் அதே நரகம்.”

அந்த மனிதருக்கு எல்லாம் ஞாபகம் இருந்தது. அவருக்கு முன்னாலேயே, அவர் பெயருக்குக் கீழேயே, இல்லை என்று எழுதியாகிவிட்டது.

ரூபிணி படத்தை வாகித்தின் கையில் கொடுத்தாள். “இதை அவர் பார்த்திருக்கவே மாட்டார் சார். இவர்தான் படத்துல இருக்கார், இவர்கிட்ட ஒரு பிரதிகூட இல்லன்னா அது என்ன நியாயம்? இதைக் கேளுங்க. இல்ல, இது அவரைக் கேட்கிற கேள்வி இல்ல. உங்களைக் கேட்கிறது.”

வாகித் படத்தைத் தள்ளிப் பிடித்துப் பார்த்தார். பக்கத்திலிருந்தவர்கள் அவர் தோளுக்கு மேலாக எட்டினார்கள். “அப்ப மீசை இருந்துச்சு பாரு உனக்கு,” என்றார் ஒருவர்.

“ஆமா, என் பொண்டாட்டி அந்த மீசையப் பார்த்துத்தான் கட்டிக்கிட்டா,” என்றார் வாகித். சிரிப்பு இருமலாக மாறி அடங்க நேரமாயிற்று.

அப்புறம் அவர் ஆசிரியரை நிமிர்ந்து பார்த்தார். முகத்தில் கேலி போயிருந்தது.

“ஒண்ணு கேட்கணும்னு இருந்தேன். இவங்ககிட்ட எல்லாம் சொல்லி வெச்சிருக்கேன், நீ வந்தா கேட்பேன்னு. அன்னைக்கு என் முகமூடியத் திருப்பிக் கொடுத்தியே, உள்ள ஒரே ஈரம். நான் மாட்டினப்ப என் முகமெல்லாம் நனைஞ்சிடுச்சு. படம் எடுக்கிறப்ப நீ அழுதியா?”

பக்கத்திலிருந்தவர்கள் ஆசிரியர் பக்கம் திரும்பினார்கள்.

“இவங்க வேர்வைன்னாங்க. நான்தான் இல்லடா, அவன் அழுதான்டான்னு சண்டை போட்டிருக்கேன். பத்தொன்பது வருஷமா.”

புகை ஒருமுறை விளிம்புவரை வந்து திரும்பிப் போனது.

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். இந்த மனிதருக்கு வெற்றி. ரூபிணிக்கு அவள் தூக்கிப் பிடித்த படம். ஆசிரியருக்குத் தன் புல்வெளி.

ஆசிரியர் அந்த மொழியில் ஒரு வார்த்தை சொன்னார்.

வாகித் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு படத்தை ரூபிணியிடம் நீட்டிவிட்டு, ஆறிப்போன அச்சை எடுத்துத் திறக்கத் தொடங்கினார். மற்றவர்கள் தங்கள் கூடைகள் பக்கம் திரும்பிக்கொண்டார்கள்.

“சார்? என்ன கேட்டார்? ஏன் எல்லாரும் இப்படி ஆயிட்டாங்க?”

“நோட்டைத் திற.”

“திறந்துதான் இருக்கு.”

“நீ எழுதினதை அடிச்சிடு. அவர் அப்படிச் சொல்லல. வணக்கமும் சொல்லல.”

ரூபிணி அவரை நிமிர்ந்து பார்த்தாள். வந்து இரண்டு வாரமாகிறது. அவர் இப்படி, வீட்டு ஆள் பேசுவதுபோலப் பேசி அவள் கேட்டதில்லை.

“இப்ப அவர் கேட்டதைச் சொல்றேன். ஒரு வார்த்தை விடாம எழுதிக்கோ.”

“சொல்லுங்க.”

“‘என் முகமூடிய நீ மாட்டிக்கிட்டு என்னையப் படம் எடுத்தியே, அப்ப நீ அழுதியா’ன்னு கேட்டார்.”

பேனா பாதியில் நின்றது.

அவள் படத்தைப் பார்த்தாள். கோட்டைப் பார்த்தாள். தன் முகமூடியின் வாரைத் தொட்டுப் பார்த்தாள்.

“நீங்க என்ன சொன்னீங்க?”

“வேர்வைன்னு சொன்னேன்.”