தேதி மட்டும் பாக்கி

கோவில்பட்டியில் லேப்டாப் கடை வைத்திருந்த வைகுண்டம் அண்ணாச்சிக்கு, விலை கூடினதை யார் தலையிலாவது கட்டினால்தான் சோறு இறங்கும். வீட்டிலிருந்தே போட்டோ திருத்தும் செண்பகவல்லி வந்து, இருப்பதிலேயே விலை குறைந்த லேப்டாப்பைக் கேட்டாள்.

"அதுல போட்டோ வேலையா? என் மூஞ்சியில உள்ள சுருக்கத்தை எடுத்துக் காட்டு, சும்மாவே தாரேன்" என்று தன் படத்தை அதில் ஏற்றிக் கொடுத்தார்.

சுருக்கம் போயிற்று. பழகிய கை அதோடு நிற்கவில்லை. ஊரில் செத்தவர்களுக்கெல்லாம் போஸ்டர் செய்கிறவள் அவள்தான். படத்துக்கு மாலை விழுந்தது. இருபுறமும் குத்துவிளக்கு எரிந்தது. மேலே 'கண்ணீர் அஞ்சலி'. கீழே 'மறைவு' என்ற எழுத்துக்குப் பக்கத்தில், தேதி போடும் இடத்தில், கோடு ஒன்று மினுக் மினுக்கென்று துடித்தது.

படத்திலிருந்த அண்ணாச்சி, எதிரே நின்ற அண்ணாச்சியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"கலர் சரியா இருக்கா அண்ணாச்சி? இல்லன்னா ஒண்ணு பிரிண்ட் போட்டு, கடை வாசல்ல ஒட்டிப் பாப்போமா?"

"சரியா இருக்கு தாயி, எடுத்துட்டுப் போ." அவர் சார்ஜரையும் எடுத்து நீட்டினார். "தேதி மட்டும் போட்டுராத."

"அதை நான் போடுறதில்ல அண்ணாச்சி" என்று அவள் லேப்டாப்பை மூடினாள். "உங்க வீட்டுல இருந்து சொல்லி அனுப்புவாங்க."