மேட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு மணி

"டீச்சர், படம் சரியா வந்திருக்கு. ஆனா அதுல கோமளா இல்லை."

தாமோதரன் காகிதச் சுருளோடு வாசல் கேட் அருகே நின்றார். ரெஜினா டீச்சர் தோட்டத்துப் புல்லில் உட்கார்ந்து களை பிடுங்கிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"எத்தனாவது படம் சார் இது?"

"எண்ணறதை விட்டுட்டேன்."

ரெஜினாவின் தொழில் கோல்ஃப் மைதானங்களை வடிவமைப்பது. வெள்ளிமுடி மலையில் இருக்கும் மைதானம் அவர் போட்டதுதான். தாமோதரன் அவரிடம் பாடம் கேட்பவர். குருவைவிட சிஷ்யனுக்குப் பதினைந்து வயது கூடுதல். இதில் இருவருக்கும் எந்தச் சங்கடமும் இல்லை. ஊருக்குத்தான் கொஞ்சம் சிரிப்பு.

தாமோதரன் ரயில்வேயில் என்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி கோமளா போன பிறகு வீட்டில் உட்கார முடியவில்லை. முன்பு சாயங்காலம் மட்டும் ஆடியவர், இப்போது நாள் முழுக்க மட்டையும் பந்துமாக மைதானத்தைச் சுற்றினார். சுற்றியதும் போதாமல், மைதானம் போடும் வித்தையையே கற்றுக்கொள்ள டீச்சரிடம் வந்து சேர்ந்தார்.

ரயில்காரருக்கு மேடு என்றாலே ஆகாது. மேட்டைக் கண்டால் வெட்ட வேண்டும், பள்ளத்தைக் கண்டால் நிரப்ப வேண்டும். சிக்னல் கண்ணுக்குத் தெரியாத இடம் என்று ஒன்று இருந்தால் அவருக்குச் சோறு இறங்காது. உத்தியோகம் முழுக்க அப்படியே பழகிவிட்டார்.

அப்படிப்பட்ட மனிதருக்கு வெள்ளிமுடியின் ஐந்தாவது குழி எப்படிப் பிடிக்கும்?

ஐந்தாவது குழி ஒரு மேட்டுக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறது. ஆடுகிறவர் மேட்டின் இந்தப் பக்கம், கீழே நிற்பார். குழியும் தெரியாது, கொடியும் தெரியாது. மேட்டின் உச்சியில் சுண்ணாம்பு அடித்த ஒரு வெள்ளைக் கல் மட்டும் தெரியும். அதைக் குறி பார்த்து அடிக்க வேண்டியதுதான். பந்து மேட்டைத் தாண்டி மறையும். பிறகு அது என்ன ஆயிற்று என்பது ஏறிப் போய்ப் பார்த்தால்தான் தெரியும்.

அந்தப் பக்கம் குழியின் அருகே ஒரு கம்பத்தில் மணி தொங்கும். ஆடி முடித்தவர்கள் அதை அடித்துவிட்டு நகர வேண்டும். முன்னால் போனவர்கள் மணி அடிக்காமல் பின்னால் நிற்பவர்கள் மட்டையைத் தூக்கக் கூடாது. தூக்கினால் யார் மண்டையாவது உடையும்.

இத்தனைக்கும் மேட்டுக்கு முன்னாலேயே நல்ல சமதரை கிடந்தது. அதை விட்டுவிட்டு டீச்சர் குழியைப் பின்னால் கொண்டுபோய் வைத்தார். அது அவருடைய முதல் வேலை. கிளப்பில் அவரை வறுத்து எடுத்துவிட்டார்கள்.

பாடம் கேட்க வந்த முதல் நாளே தாமோதரன் கேட்டார், ஏன் மறைத்து வைத்தீர்கள் என்று. டீச்சர் பதிலுக்கு, "காப்பி குடிக்கிறீங்களா சார்?" என்றார். அப்புறமும் விடாமல் பல தடவை கேட்டுப் பார்த்தார். ஒவ்வொரு தடவையும் காப்பிதான் வந்தது. நல்ல காப்பி என்பதால் அவரால் கோபித்துக்கொள்ளவும் முடியவில்லை.

இன்னொரு நாள் அவர் முதல் குழியைப் புகழ்ந்தார். அடிக்கிற இடத்திலிருந்து கொடிவரைக்கும் பிளாட்பாரம் மாதிரி பளிச்சென்று தெரிகிறது, மைதானம் என்றால் அப்படி இருக்க வேண்டும் என்றார். அங்கே அவர் அடித்ததிலேயே நல்ல அடி எது என்று டீச்சர் கேட்டார். தாமோதரன் வெகுநேரம் யோசித்தார். எல்லாமே நன்றாகத்தான் அடித்தேன், தனியாக ஒன்றும் ஞாபகம் இல்லை என்றார். டீச்சர் உள்ளே போய்க் காப்பி போட்டார்.

கிளப்பில் சாயங்காலப் பேச்சு எங்கே தொடங்கினாலும் ஐந்தாவது குழியில்தான் வந்து நிற்கும். ஒரு எஸ்டேட் மேனேஜர் அடித்த பந்து வெள்ளைக் கல்லில் மோதித் திரும்பி, அவர் தலைக்கு மேலேயே பறந்து பின்னால் விழுந்த கதை உண்டு. பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்த அண்ணன் தம்பி இருவர் அடித்த பந்துகள் மேட்டுக்கு அந்தப் பக்கம் ஒன்றையொன்று ஒட்டிக் கிடந்த கதை உண்டு. எல்லாவற்றுக்கும் மேலே கோமளாவின் கதை உண்டு.

அந்தக் கதைக்காகத்தான் தாமோதரன் இந்த வேலையை இழுத்துப் போட்டுக்கொண்டார். மேட்டை எடுத்துவிடுவது. நின்ற இடத்திலிருந்தே குழி எல்லோருக்கும் தெரியும்படி செய்வது. பக்கத்தில் கோமளா பெயர் பொறித்த கல் ஒன்று நடுவது. கமிட்டி ஒப்புக்கொண்டது. பொக்லைன் வண்டியும் வந்துவிட்டது. இன்று காலை வேலை ஆரம்பம்.

ஆனால் அதற்கு வரைந்த படம்தான் அவரைப் படுத்தியது. கல்லை இடமாற்றிப் பார்த்தார். பூச்செடி சேர்த்தார், எடுத்தார். கோடுகள் எல்லாம் சரியாக இருந்தன. எதுவோ இல்லை.

"அவ முகத்துக்குப் போட்டோ இருக்கு டீச்சர். குரல்தான் போயிட்டே இருக்கு. ராத்திரி ஞாபகப்படுத்திப் பார்க்கிறேன், வரமாட்டேங்குது. இந்தக் குழியாவது அவளுக்குன்னு நிக்கணும். இதுவும் சரியா வரலைன்னா எங்கிட்ட வேற ஒண்ணும் இல்லை."

சொல்லும்போது அவருக்குப் பயமாக இருந்தது. நாலு வருஷத்தில் குரல் போய்விட்டது, அடுத்து என்னென்ன போகுமோ என்ற பயம்.

டீச்சர் கையில் இருந்த மண்ணைத் தட்டிவிட்டு எழுந்தார். படத்தை விரிக்கச் சொல்லவில்லை.

"உங்க மட்டையை எடுத்துட்டு வாங்க சார்" என்றார்.

ஐந்தாவது குழி மேட்டுக்கு இந்தப் பக்கம், கீழே பொக்லைன் நின்றது. ஓட்டுநர் மாரப்பன் அதன் நிழலில் உட்கார்ந்து பொட்டலத்தைப் பிரித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். ஆரம்பிக்கலாமா என்று கேட்டார். அந்தப் பக்கம் போய்க் கடைசியாக ஒரு தடவை பார்த்துவிட்டு மணி அடிப்பதாகவும், மணி கேட்டதும் ஆரம்பிக்கலாம் என்றும் தாமோதரன் சொன்னார். சிக்னல் இல்லாமல் எதையும் நகர விடுகிற ஆள் இல்லை அவர்.

"ஒரு பந்து அடிங்க" என்றார் டீச்சர்.

"இப்பவா? வெட்டப் போற இடத்துலயா?"

"வெட்டலையே இன்னும்."

தாமோதரன் முணுமுணுத்துக்கொண்டே பந்தை வைத்தார். வெள்ளைக் கல்லைப் பார்த்தார். அடித்தார். பந்து கல்லுக்கு இடது பக்கமாகப் பறந்து மேட்டைத் தாண்டி மறைந்தது.

"எங்கே போச்சு?"

"போய்ப் பார்த்தாத்தான் தெரியும். இந்தக் குழியோட கோளாறே அதுதானே டீச்சர்."

இருவரும் மேட்டில் ஏறினார்கள். பாதி ஏற்றத்தில் டீச்சர் புல்லில் உட்கார்ந்துவிட்டார். அங்கிருந்து பார்த்தால் அந்தப் பக்கம் ஒன்றும் தெரியாது.

மூச்சு வாங்குகிறதா என்று தாமோதரன் கேலியாகக் கேட்டார். வயது அறுபத்தேழு ஆனாலும் மலை ஏறுவதில் தான் குருவுக்கு இளைத்தவர் இல்லை என்று காட்டிக்கொள்வதில் அவருக்கு ஒரு சந்தோஷம்.

"அன்னிக்கு நடந்ததைச் சொல்லுங்க" என்றார் டீச்சர்.

ஊரில் தபால்காரர்வரைக்கும் தெரிந்த கதை. ஆனாலும் தாமோதரனை அதைச் சொல்ல வைக்க யாரும் கெஞ்ச வேண்டியதில்லை. எதிரில் உட்கார்ந்து சொல்ல ஆரம்பித்தார்.

கோமளாவுக்கு கோல்ஃபில் ஒரு ஆசையும் கிடையாது. நடப்பதற்காகக் கூட வருவாள். மட்டையைத் துடைப்பம் மாதிரிதான் பிடிப்பாள். அன்று சாயங்காலம் அவர் மட்டையை வாங்கி ஒரே ஒரு அடி அடித்தாள். பந்து தாழ்வாகப் பறந்து வெள்ளைக் கல்லில் டக்கென்று பட்டு, எகிறி, மறைந்துவிட்டது. புதருக்குள் போயிருக்கும் என்றார் அவர். அந்தப் பக்கம் போய் முள்ளுக்குள் கையை விட்டுத் தேடினார். கோமளா தேடவில்லை, சேலையில் ஒட்டிய புல்லைத் தட்டிக்கொண்டு நின்றாள். அலுத்துப்போய் அவர் தன் பந்தை ஆடி முடித்தார். அதை எடுக்கக் குழிக்குள் கையை விட்டார். உள்ளே இரண்டு பந்துகள் இருந்தன.

"சந்தோஷத்துல அவ மணி அடிக்கவே மறந்துட்டா டீச்சர். கீழே அடுத்து ஆட வேண்டிய டாக்டர் கூட்டம் காத்து நின்னு நின்னு, கடைசியில திட்டறதுக்குன்னே மேலே ஏறி வந்துட்டாங்க. வந்தவங்களும் குழியை எட்டிப் பார்த்துட்டு திட்ட மறந்துட்டாங்க. அந்த மணி அன்னிக்கு அடிக்கவே இல்லை."

சொல்லி முடித்து அவர் சிரித்தார். டீச்சர் சிரிக்கவில்லை.

"நடுவுல ஒரு இடத்தை விட்டுட்டீங்க."

"எதை?"

"பந்து மறைஞ்சதுக்கு அப்புறம். நீங்க தேட ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி."

"அப்போ ஒண்ணும் நடக்கலையே. ஏறினோம், அவ்வளவுதான்."

"எப்படி ஏறினீங்க?"

இதை யாரும் தாமோதரனிடம் கேட்டதில்லை. அவரும் யாரிடமும் சொன்னதில்லை. சொல்லும்படி அதில் என்ன இருக்கிறது?

திரும்பி ஏற்றத்தைப் பார்த்தார். இந்த இடம்தான். அவர் வேகமாக ஏறிக்கொண்டிருந்தார். பின்னாலிருந்து கோமளா அவர் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாள். மெதுவாகப் போகச் சொன்னாள். ஏன், பந்து ஓடிவிடுமா என்று அவர் கேட்டார்.

"அதுக்கு அவ சொன்னா..." என்று ஆரம்பித்தார் தாமோதரன். குரல் தாழ்ந்து போயிற்று. அவரை அறியாமலேயே அவள் இழுத்துப் பேசுகிற மாதிரியே பேசினார். "இல்லைங்க. இப்போதைக்கு அது குழிக்குள்ளதான் இருக்கு. நீங்க அவசரப்பட்டுப் போய்ப் பார்த்து, வெளியே எடுத்துடாதீங்க."

இரண்டு பேரும் அன்று மேடு முழுக்கச் சிரித்துக்கொண்டே ஏறினார்கள். அவள் சட்டைக் கையை விடவேயில்லை.

அந்த 'இப்போதைக்கு' அவர் காதில் அப்படியே நின்றது. நாலு வருஷமாக ராத்திரி ராத்திரி தேடிய குரல். தாமோதரன் கண்ணைத் துடைத்துக்கொள்ளக்கூட மறந்து உட்கார்ந்திருந்தார்.

டீச்சர் மெல்லக் கேட்டார்.

"இப்போ அதையே மேடு இல்லாம சொல்லுங்க."

தாமோதரன் நிமிர்ந்தார்.

"கோமளா அடிச்சா" என்றார். "பந்து குழியில விழுந்தது." கொஞ்சம் நிறுத்தினார். "நாங்க பார்த்தோம்."

அதற்கு மேல் சொல்ல ஒன்றும் இல்லை.

காகிதச் சுருள் அவர் மடியிலிருந்து நழுவிப் புல்லில் உருண்டது. அதை அவர் எடுக்கவில்லை. டீச்சர் பையிலிருந்து ஃபிளாஸ்கை எடுத்து, மூடியில் காப்பி ஊற்றி நீட்டினார். தாமோதரன் வாங்கிக்கொண்டார். இந்தத் தடவை அவர் ஒன்றும் கேட்கவில்லை.

"உங்க பந்து என்ன ஆச்சுன்னு போய்ப் பார்க்கலாமா சார்?"

"கொஞ்சம் உட்காரலாம் டீச்சர்."

காற்று மேட்டைத் தாண்டி வந்தது. அந்தப் பக்கம் கொடித்துணி படபடப்பது கேட்டது, ஆனால் தெரியவில்லை. தாமோதரன் சட்டைக் கையை ஒரு விரலால் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

கீழே பொக்லைன் உறுமத் தொடங்கியது. மாரப்பன் தலையை வெளியே நீட்டிக் கத்தினார்.

"சார், மணி எனக்குத்தான் கேக்கலையா? ஆரம்பிச்சிடட்டுமா?"

தாமோதரன் காப்பியைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார். இரண்டு கையையும் வாயருகே குவித்துக்கொண்டார்.

"வண்டியை நிறுத்து மாரப்பா. முன்னாடி போனவ இன்னும் மணி அடிக்கல."