மாமனாருக்குப் பதினெட்டு

தூத்துக்குடியில் ஆவுடையப்பன் என்று ஒரு இரும்புக்கடைக்காரர். வயது ஐம்பதைத் தாண்டியிருந்தது. கடலோரத்துச் சின்ன மடம் ஒன்றில் இருந்த சாமியை அவர் குருவாக ஏற்றிருந்தார். சாமிக்கு அவரைவிடப் பத்து வயது குறைவு. அதனால் சிஷ்யனை 'அண்ணாச்சி' என்றுதான் கூப்பிடுவார்.

சித்திரை மாதம். காற்றே இல்லை. காலையிலேயே ஆவுடையப்பன் மடத்து வாசலில் வந்து நின்றார். சட்டை முதுகோடு ஒட்டிக் கிடந்தது.

"சாமி, ஒரே ஒரு கேள்வி. மாமனாருக்கு ஏசியை எத்தனையில வைக்கணும்?"

சாமி சிரிக்கவில்லை. "இப்போ எத்தனையில இருக்கு?"

"பதினெட்டு."

"அதுக்கென்ன?"

"இன்னைக்கு நாலு மணி பஸ்ஸுக்குக் கெளம்புதேங்காரு."

மாமனார் தங்கச்சாமிக்குக் கரிசல் பக்கம் ஊர். தகரம் வேய்ந்த வீடு. போன வாரம் வெக்கை தாங்காமல் வாசலிலேயே மயங்கி விழுந்துவிட்டார். இன்னொரு தரம் விழுந்தால் என்னால் ஆகாது, மழை பிடிக்கிற வரைக்கும் குளுமையான இடத்தில் வைத்திருங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆவுடையப்பன்தான் போய் வண்டியில் கூட்டி வந்தார். வீட்டில் ஏசி இருப்பது ஒரு அறையில். அவர், மனைவி, மாமனார் மூன்று பேருக்கும் அதில்தான் படுக்கை.

"குளிருதோ என்னமோ அவருக்கு."

"தெனமும் கேக்கேன் சாமி. 'நல்லாருக்கு மாப்ள'ங்காரு. அப்புறம் எதுக்குக் கெளம்பணும்? நான் என்ன கொறை வச்சேன்?"

"வீட்டுல அம்மா என்ன சொல்லுதாக?"

"இருபத்தாறுல வைங்கங்கா. வைக்கலாம். மாமனாருக்குப் போயி கரண்டு பில்லு பாக்கான்னு நாளைக்கு ஊரு சிரிக்கும். பதினெட்டுதான் மரியாதை. அப்பா போனா நானும் கூடப் போறேன்னு வேற நிக்கா. நீங்க ஒரு நம்பர் சொல்லுங்க. குரு வாக்குன்னா ரெண்டு பேரும் அடங்குவாக. இன்னைக்கு இதுக்கு முடிவு கட்டாம நான் விடுறதில்ல."

சாமி துண்டை உதறித் தோளில் போட்டார்.

"மத்தியானம் சாப்பிட வாரேன். ரசம் வைக்கச் சொல்லுங்க."

மத்தியானம் சாமி போனபோது மாமனாரின் துணிப்பை கதவோரம் தயாராக இருந்தது. மாமனார் காதை மூடித் துண்டைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இலையில் பாதிச் சோறு அப்படியே இருந்தது.

சாப்பிட்டு முடித்து எல்லோரும் ஏசி அறைக்குள் போனார்கள். ஜன்னல் கண்ணாடியின் வெளிப்பக்கம் தண்ணீர் கோத்து வழிந்துகொண்டிருந்தது.

"யார் யார் எங்க படுப்பீங்க?" என்று சாமி கேட்டார்.

"நான் இங்க, மிசினுக்கு நேர் கீழ. அவ கதவுப் பக்கம். மாமா அங்க, எதிர்ச் செவுத்தோரம்." ஆவுடையப்பன் கை நீட்டிக் காட்டினார். "குளிர் நேரா போயி விழுற இடம் சாமி. நல்ல இடமாப் பாத்து அவருக்கு விட்டிருக்கேன்."

சாமி மிசினுக்குக் கீழே கிடந்த பாயில் போய்ப் படுத்தார்.

"ஐயோ, கட்டில் கொண்டு வாரேன் சாமி."

"வேண்டாம். பெரியவரு இந்த நாற்காலியில இருக்கட்டும். நீங்க தலகாணியை எடுத்துக்கிட்டு அவர் பாயில போய்ப் படுங்க. ரிமோட்டைக் குடுங்க இங்க."

ஆவுடையப்பன் கொடுத்தார். போய்ப் படுத்தார்.

சாமி பதினெட்டை மாற்றவில்லை. கண்ணை மூடிக்கொண்டார்.

"எப்படி இருக்கு அண்ணாச்சி?"

"நல்லாருக்கு சாமி."

கொஞ்ச நேரம் போனது. ஆவுடையப்பன் காலை மடக்கினார். பிறகு கையைக் கக்கத்தில் செருகினார். கதவோரம் நின்ற மனைவி சண்முகக்கனி பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"என்னங்க, எறா மாதிரி சுருண்டு கிடக்கீங்க?"

"நீ சும்மா இருட்டி."

"போர்வை வேணுமா அண்ணாச்சி?" என்றார் சாமி.

"வேண்டாம் சாமி. நல்லாத்தான் இருக்கு."

பல் தந்தியடிக்கிற சத்தம் நாற்காலி வரைக்கும் கேட்டது. அவர் எழுந்திருக்கவில்லை. இரும்புக்கடைக்காரர் இல்லையா.

சாமி ரிமோட்டைத் தூக்கினார். "அப்போ இன்னும் ரெண்டு கொறைக்கேன்."

ஆவுடையப்பன் துள்ளி உட்கார்ந்தார். "வேண்டாம் சாமி!"

"நல்லாருக்குன்னீங்களே?"

"பின்னே? நீங்க குரு. ரிமோட்டு உங்க கையில. குளிருதுன்னு எந்த வாயால சொல்லுவேன்?"

சொன்னவர் மெதுவாக மாமனார் பக்கம் திரும்பினார்.

தங்கச்சாமி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "பொண்ணைக் குடுத்த வீடு மாப்ள," என்றார்.



ஆவுடையப்பன் எழுந்து வந்து கை நீட்டினார். "ரிமோட்டைத் தாங்க சாமி."

வாங்கிக்கொண்டு பழையபடி மாமனார் பாய்க்கே போனார். இருபது வைத்துப் படுத்தார். தலையை ஆட்டினார். இருபத்திரண்டு வைத்தார். புரண்டு படுத்தார்.

"கடையில நட்டுக்குப் போல்ட்டு பாக்க மாதிரில்லா பாக்காக," என்றாள் சண்முகக்கனி.

"பாக்கத்தான் செய்வேன். இன்னைக்கு விட மாட்டேன்."

இருபத்துநாலில் கால் நீண்டது. இருபத்தாறில் குளிர் சுத்தமாகப் போய்விட்டது. ஆனால் கழுத்தடியில் கசகசவென்று வந்தது. கொஞ்ச நேரம் கூரையையே முறைத்துக்கொண்டு கிடந்தார்.

"ஏட்டி, ஃபேனைப் போடு."

"ஏசி ஓடும்போது ஃபேன் போட்டா குளிர் கலைஞ்சிரும்னு சொன்னது யாரு?"

"போடுட்டி. ஒண்ணுல வை, மெதுவா."

ஃபேன் சுற்ற ஆரம்பித்தது. கழுத்து காய்ந்தது. ஆவுடையப்பன் மூச்சை இழுத்து விட்டார். பக்கத்தில் தரையைத் தட்டினார்.

"மாமா, வாங்க. வந்து பாருங்க."

சண்முகக்கனி அந்தச் சுவரோரமே இன்னொரு பாயை விரித்தாள். தங்கச்சாமி தயங்கித் தயங்கி வந்து படுத்தார். எப்படி இருக்கிறது என்று மருமகன் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. காதில் சுற்றியிருந்த துண்டு கொஞ்ச நேரத்தில் கழன்று தலைமாட்டுக்கு வந்தது. அப்புறம் குறட்டை கேட்டது.

சண்முகக்கனி சத்தமில்லாமல் போய்ப் பையிலிருந்த வேட்டிகளை எடுத்துக் கொடியில் போட்டாள். நாலு மணி பஸ்ஸுக்கு ஒருத்தரும் அவரை எழுப்பவில்லை.

ஆவுடையப்பன் மெல்ல எழுந்தார். முகம் வெளிச்சமாக இருந்தது.

"கண்டுபிடிச்சாச்சு சாமி," என்றார் ரகசியம் போல. "இருபத்தாறு. ஃபேன் ஒண்ணு. இனிமே எவன் வந்து சொன்னாலும் மாத்த மாட்டேன். செவுத்துலயே எழுதிப் போட்டுருதேன்."

சொல்லிக்கொண்டே தலகாணியை இடுக்கிக்கொண்டு, மிசினுக்குக் கீழே இருந்த தன் பாய்க்கு நடந்தார்.

சாமி எழுந்து அவருக்கு இடம் விட்டார்.

"எழுதுங்க அண்ணாச்சி, நல்லா எழுதுங்க. ஆமா, நம்பரைக் கண்டுபிடிச்சது அந்தப் பாயில படுத்துல்லா? தலகாணியை எங்க எடுத்துட்டுப் போறீக?"