மீசையில் நின்ற எலுமிச்சம்பழம்

முன்னொரு காலத்தில் கொன்றைநாடு என்றொரு நாட்டை உக்கிரபூபதி என்ற ராஜா ஆண்டுவந்தார். நல்லவர்தான். ஆனால் காலையில் ஒரு புத்தி, மாலையில் ஒரு புத்தி. மாறாமல் இருந்தது அவர் மீசை ஒன்றுதான். அவரைக் கட்டி மேய்த்தே மந்திரி அம்பலவாணருக்குத் தலை நரைத்துவிட்டது.

சபையில் ராஜாவின் பட்டப்பெயர்களை உரக்கச் சொல்லும் கட்டியக்காரர் வேலை காலியானது. வெளிவாசலில் நெடுநாளாகக் கட்டியம் கூறிவந்த வடிவாம்பாள் அதைக் கேட்டு வந்தாள். வெளிவாசலை அடைக்கப்போகிறார்கள். இதுவும் கிடைக்காவிட்டால் அவள் வீட்டில் உலை கொதிக்காது.

படையை நடத்தும் தளவாய் காளத்திக்கோ தன் மைத்துனன் பரமனை அங்கே நிறுத்த ஆசை. பெண்ணுக்கு இல்லை என்று நேரே சொன்னால் மந்திரி சண்டைக்கு வருவார். ஆகவே குறுக்கு வழி பிடித்தார்.

"அரசே! ஆணோ பெண்ணோ, யாரும் வரலாம். எல்லோருக்கும் ஒரே சோதனை. மீசையின் இரு நுனியிலும் எலுமிச்சம்பழம் நிற்க வேண்டும், அவ்வளவுதான்!"

ராஜா தன் மீசையைத் தடவிக்கொண்டார். "பேஷ்! இதில் பாரபட்சமே இல்லையே!"

அம்பலவாணருக்கு அலுத்துப்போனது. போன மாதம் யானைப்பாகன் வேலைக்கு, தளவாயின் ஊர்க் கிணற்றில் தண்ணீர் குடித்திருக்க வேண்டும் என்றொரு சோதனை. அதற்கு முன் இன்னொன்று. ஒவ்வொன்றையும் உடைத்து உடைத்து அவருக்கு வாய் வலித்தது.

"ஐயா, தொண்டை இருக்கிறது. மீசைக்கு நான் எங்கே போவேன்?" என்றாள் வடிவாம்பாள்.

"பொறு அம்மா" என்றார் மந்திரி.

மறுநாள் பரமன், மெழுகு தடவி முறுக்கிய மீசையில் இரண்டு பழங்களோடு சபையில் நின்றான். மூச்சைக்கூடப் பார்த்துத்தான் விட்டான்.

"நிற்கிறது அரசே! வேலையைக் கொடுங்கள்!" என்றார் தளவாய்.

"கொடுக்கலாமே" என்று முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தார் அம்பலவாணர். "தம்பி, பழம் விழாமல் அரசருக்குக் கட்டியம் கூறு, கேட்போம்."

பரமன் உதட்டை அசைக்காமல், "ம்ம்ஹும்... ம்ம்ஹும்..." என்றான்.

"என்ன சொல்கிறான்?" என்றார் ராஜா.

"தங்கள் பட்டப்பெயர்தான் அரசே. இனி தினமும் இப்படித்தான் கேட்கும்."

ராஜாவின் முகம் சிவந்தது. "வாயைத் திறந்து சொல்லடா!"

பரமன் பதறி, "ராஜாதி..." என்று வாயைத் திறந்தான். பழங்கள் இரண்டும் விழுந்து ராஜாவின் காலடிக்கு உருண்டன.

"நீ சொல்லு அம்மா" என்றார் மந்திரி.

"ராஜாதி ராஜ! கொன்றைநாட்டுக் காவல! உக்கிரபூபதி மகாராஜா பராக்! பராக்!" என்றாள் வடிவாம்பாள். லாயத்தில் குதிரைகள் கனைத்தன.

"கட்டியத்துக்கு வேண்டியது குரல். வேலை இவளுக்கே!" என்றார் ராஜா. "இனி எந்த வேலைக்கும், அந்த வேலைக்குத் தேவையானதை மட்டுமே சோதிக்க வேண்டும். இது என் ஆணை. மந்திரியாரே, உமக்கு என்ன பரிசு வேண்டும்?"

"ஒன்றும் வேண்டாம் அரசே. சபை கலையும்வரை அந்தப் பழங்கள் தளவாயின் மீசையில் இருக்கட்டும். இன்று ஒருநாளாவது என் காது ஓயட்டும்."

தளவாய் வாயை மூடிக்கொண்டு நின்றார். மந்திரி நெடுநாளைக்குப் பிறகு ஆசனத்தில் சாய்ந்து கண்ணை மூடினார். குதிரைகளையே கனைக்க வைத்த வடிவாம்பாளின் குரல், அன்று அவரை மட்டும் எழுப்பவில்லை.