கல்லில் முட்டையிட்ட தட்டான்கள்

வெகு காலத்துக்கு முந்தி வேங்கைநாட்டைச் செங்கண்ணன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். தன் முகத்தைத் தானே பார்த்துக்கொண்டிருப்பதில் அவனுக்கு அலுப்பே கிடையாது. அது தெரிந்து, அரண்மனைக் கட்டட வேலை பார்க்கும் பூவராகர், புல்வெளி நடுவில் கருங்கல்லை முகம் தெரிய இழைத்துத் தளம் போட்டுக் கொடுத்தார்.

அந்தக் கோடையிலேயே புல்வெளித் தட்டான்கள் கும்பல் கும்பலாகச் செத்தன.

"ஆடு மேய்க்கிற வெள்ளாத்தா கொசுவுக்குப் போடுற நொச்சிப் புகைதான் மகாராஜா! அவளை நாட்டைவிட்டே துரத்தணும்" என்றார் பூவராகர்.

சபையில் நின்ற வெள்ளாத்தா இடுப்பிலிருந்த கைக்குழந்தையை இறுக்கிக்கொண்டாள். அந்தப் புல்லை விட்டால் ஆட்டுக்கு மேய்ச்சல் ஏது, பிள்ளைக்குப் பால் ஏது? தலை நிமிராமலே சொன்னாள்.

"சாமி, நாளைக்கு உச்சிவெயிலுக்கு வாங்க. கல்தளத்துல பாதிக்குக் கோரைப்பாய் விரிக்கணும். நடுவுல நானே புகை போடறேன். புகைதான் கொல்லுதுன்னா ரெண்டு பக்கமும் சாகணுமில்ல?"

"ஆட்டுக்காரி நியாயம் பேசுறா!" பூவராகர் சிரித்தார்.

"பேசட்டும். பாயை நீரே விரியும்" என்றான் ராஜா.

மறுநாள் புகை இரண்டு பக்கமும் பரவியது. பாயில் ஒரு தட்டான்கூட விழவில்லை. வெறுங்கல்லுக்குத்தான் சாரைசாரையாக வந்தன.

"குனிஞ்சு பாருங்க சாமி. சத்தம் போடாதீங்க."

ராஜா குனிந்தான். ஒரு தட்டான் வாலை வளைத்துக் கல்லைத் தொட்டது, எழும்பியது, மறுபடி தொட்டது. தொட்ட இடத்தில் கடுகிலும் சின்னதாய் முட்டை. கொதிக்கிற கல்லில் அப்போதே காய்ந்தது. தட்டான் விடவில்லை. தொட்டுத் தொட்டு, கடைசியில் விரித்த சிறகோடு அப்படியே விழுந்தது.

"பளபளப்பைத் தண்ணின்னு நம்பிடுச்சுங்க. வயித்துல உள்ளதை இறக்காம அது போகாது சாமி."

ராஜா தலையைத் திருப்பிப் பார்த்தான். சுற்றிலும் எத்தனை தாய்கள்! நடுவில் அவன் முகம்.

"பூவராகரே, இந்தக் கல்லில் நான் என் முகத்தை மட்டும்தான் பார்த்தேன். நீர் எதைப் பார்த்தீர்?"

"உங்க... உங்க முகத்தைத்தான் மகாராஜா."

"அதுதான் வந்த வினை! ஒவ்வொரு கல்லாய் உம் கையாலேயே பெயர்த்தெடும். இங்கே குளம் வெட்டும். புல்வெளி இனி வெள்ளாத்தாவுக்கு."

மழை பெய்தது. குளம் நிரம்பியது. பழக்கதோஷத்தில் ராஜா முகம் பார்க்கக் குனிந்தான். ஒரு தட்டான் வந்து தண்ணீரில் தெரிந்த அவன் மூக்கைச் சரியாக வாலால் தொட, முகம் கலைந்துபோனது.

"யாரும் அசையாதீங்க" என்று ராஜா கிசுகிசுத்தான். அது முட்டையிட்டு முடிக்கும்வரை, முகமில்லாமலே குனிந்து நின்றான்.